வாசித்துக் காட்டப்பட்டது

சனிக்கிழமை எட்டரைக்கு வகுப்பு.
ஏழு மணிக்கே வந்து
டச்சுக்குடாக் கடலுக்கு முன்னால் குந்தி
ஒப்பந்தச் சட்டம், மூன்றாம் பாடத்தைத் திறந்தேன்.
பணிஸ் பையை எடுக்கக் குனிந்த நேரம்
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான்
நாற்பத்தோராம் பக்கத்தைக் கவ்விக்கொண்டு நின்றது.
இழுத்தேன். அதுவும் இழுத்தது.
எனக்குக் கிடைத்த பாதியில்
“சுயாதீனமான சம்மதம் எனப்படுவது”
அவ்வளவுதான்.

இருபத்தாறு வருடம் கோட்டில் தட்டச்சு.
ஒருவர் சொல்வார், மற்றவர் மறுப்பார்,
என் விரல்கள் இருவருக்கும்
ஒரே வேகத்தில் ஓடும்.
கடைசி வரியை மட்டும் யாரும் சொல்லத் தேவையில்லை,
விரலுக்கே பாடம்:
வாசித்துக் காட்டப்பட்டது.
விளங்கிக்கொண்டு ஒப்பமிட்டார்.

மூதூரிலிருந்து முதல் படகில் வந்திருந்தா
உம்முஹானி.
மை பூசிய பெருவிரலை எங்கே துடைப்பதென்று தெரியாமல்
உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு
“என்ன எழுதியிரிக்கி, மகள்?” என்று கேட்டா.
அடுத்த வழக்கைக் கூப்பிட்டாயிற்று.
“நீங்கள் சொன்னதுதான்” என்றேன்.
அது சரியாகவும் இருக்கலாம்.
தட்டச்சு செய்கிறவர்கள் வாசிப்பதில்லை.

விண்ணப்பத்தில்
இந்தக் கற்கைநெறியைத் தெரிவுசெய்யக் காரணம்? என்று கேட்டு
மூன்று வரி இடம் விட்டிருந்தார்கள்.
“தொழில் முன்னேற்றம்” என்று எழுதினேன்.
பொய்யில்லை.
ஐம்பத்தொரு வயதில் என் சம்பளம்
பதினைந்தாம் திகதியோடு களைத்துப்போகிறது.
மீதி இரண்டு வரியும் வெறுமையாகவே போயின.

“கோட்டுக்குப் போய்வந்தது காணாதெண்டு
இனிக் கோட்டும் போடப் போறியோ?”
தயாபரன் சிரித்தார்.
தன் பகிடிக்குத் தானே இரண்டாம் முறையும் சிரித்தார்.
அன்றிரவு
மேசையிலிருந்த டிவியை இறக்கி நிலத்தில் வைத்தார்.
இப்போது கிரிக்கெட்டைக் கழுத்தை வளைத்துத்தான் பார்க்கிறார்.
அதைப்பற்றி நாங்கள் கதைப்பதில்லை.

முதல் ஒப்படை:
சம்மதம் எப்போது சம்மதம் ஆகாது? விவரிக்குக.
உம்முஹானியின் பெருவிரலை எழுதினேன்,
பெயரை மாற்றித்தான்.
விடியச் சாமம் இரண்டு மணிவரை
ஒருவரும் சொல்லாத வசனங்களை
முதன்முதலாக அடித்தேன்.
எழுத்துப் பிழைகூட வந்தது. எனக்கு!

ஐம்பத்துநான்கு புள்ளி.
ஓரத்தில் பச்சை மையில்
“உருக்கமாக உள்ளது. தீர்ப்புகள் எங்கே?”

பக்கத்துக் கதிரை நிரோஜிதாவுக்கு எண்பத்தொன்று.
வயது இருபத்திரண்டு.
முன்தீர்ப்புகளை எப்படித் தேடுவதென்று
தன் போனில் காட்டித் தந்தாள்.
இன்னொருக்கா, என்றேன்.
இன்னொருக்கா.
நாலாம் முறை மெல்லப் பெருமூச்சு விட்டாள்.
அவளிடத்தில் நான் என்றால்
இரண்டாம் முறையே விட்டிருப்பேன்.

திங்கட்கிழமை.
குச்சவெளியிலிருந்து ஒரு மனிதர்,
எல்லை வேலி வழக்கு.
சேட்டுப் பொக்கற்றில் மடித்த பஸ் டிக்கட்.
வாக்குமூலம் முடிந்து
விரல்கள் தாமாகவே
வாசித்துக் காட்ட வரைக்கும் போய்விட்டன.
நின்றேன்.
திரையை அவர் பக்கம் திருப்பினேன்.
கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார்.
அப்படியென்றால் கேளுங்கள், என்று
முதல் வரியிலிருந்து தொடங்கினேன்.

முதலியார் மணிக்கூட்டைப் பார்த்தார்.
மின்விசிறி ஒருதரம் கிறீச்சிட்டது.
மூன்றாம் வரியில் அவர் கையை உயர்த்தினார்.
“இது நான் சொல்லேல்லைப் பிள்ளை.”

என்ன தாமதம் என்று மேலேயிருந்து கேட்டது.
நான் எழும்பினேன்.
இத்தனை வருடத்தில் அந்த அறையில்
கதிரை பின்னுக்குப் போகும் சத்தம் என்னுடையதாக இருந்ததில்லை.

“திருத்தம் ஒன்று இருக்கு, ஐயா.”

எனக்கே கேட்கவில்லை.
மறுபடி சொன்னேன்.