பக்கம் 112

இடலினா செர்ப்பாவின் ஒன்பது புத்தகங்களுக்கும்
கடைசிப் பக்கச் சொல்லடைவு தொகுத்தவன் நான்.
அவர் எழுதியதை அகரவரிசையில் கலைத்துப் போடுவது
என் பிழைப்பு.

முதல் புத்தகம் அறுபத்திரண்டில்.
லிஸ்பன் துறைமுகச் சுங்க அலுவலகத்தில்
காப்பிக்கொட்டை மூட்டைகளை எண்ணிக்கொண்டே
ரசீதுகளின் முதுகில் எழுதியது.
பேராசிரியர்கள் ஓவியத்தை நடுவிலிருந்து படித்தார்கள்:
அரசன், ஆயர், ஒளியோடு இறங்கும் புறா.
இவர் மூலையில் தொடங்கினார்.
"யார் காலில் செருப்பில்லை என்று முதலில் பாருங்கள்"
என்றொரு வரி இருந்தது.
தணிக்கை அதிகாரியின் நீலப் பென்சில்
அதை மட்டும் அடித்தது.
மற்றதெல்லாம் தப்பித்து அச்சேறியது.

அதில்தான் வந்தது நாய்.

எவோராவுக்கு அப்பால் ஒரு மடத்தில், மரப்பலகையில்,
கானாவூர்க் கல்யாணம்.
எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்க்க,
இடது மூலையில் பழுப்பு நாய் ஒன்று
நம்மைப் பார்க்கிறது.
விருந்துக்கு அழைக்கப்படாத நாமும் அதுவும், என்று
நான்கு பக்கம் எழுதினார்.
ஜனங்களுக்குப் பிடித்துப்போயிற்று.
ரயில் நிலையக் கடைகளில் மத்தி மீன் டப்பாவுக்குப் பக்கத்தில்
புத்தகம் விற்றது.
பள்ளிக்கூடப் பேருந்துகள் மடத்து வாசலில் திரும்ப இடமில்லாமல்
ஆலிவ் மரத்தில் இடித்தன.
தொலைக்காட்சிக்காரர்கள் வந்தபோது
வண்ணத்தில் பதினான்கு வாரம்,
ஒவ்வொரு வாரமும் இடலினா முட்டிபோட்டு
நாயின் உயரத்திலிருந்து பேசினார்.
பிஸ்கட் டப்பாவிலும் நாய்.
பல்கலைக்கழகத்தார் அவரைச் சொல்லும் விதம்:
"நாய்க்கார அம்மாள்."
அவருக்கு அது கோபமில்லை. வாடகை கட்டியதே அந்த நாய்தான்.

எழுபத்து மூன்றாம் வயதில் ஒரு கடிதம்.
எழுதியவர் பிலோமெனா, ஓவியம் பழுதுபார்ப்பவர்.
எக்ஸ்ரே எடுத்தார்களாம்.
நாய், ஓவியத்தைவிட நூற்றைம்பது ஆண்டு இளையதாம்.
அதன் அடியில் ஒரு பெண் குனிந்திருக்கிறாள்,
வாளியிலிருந்து ஜாடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு.
பின்னால் வந்த யாரோ ஒரு பிரபுவுக்கு
சாப்பிடும் இடத்தில் அவள் உறுத்தியிருக்கலாம்.
வெறுங்கால் என்பதும் எழுதியிருந்தது.

இடலினா முதலில் சிரித்தார்.
பிறகு டிராமில் ஏறி, கடைசி நிறுத்தம்வரை போய்,
இறங்காமலே திரும்பி வந்தார்.
"நாயைக் கண்டேன், கல்லைக் காணவில்லை.
மூலையைப் பார் மூலையைப் பார் என்று
ஊருக்கெல்லாம் சொன்னவள்."

பதிப்பாளர் தியோடோசியு கையைப் பிசைந்தார்.
இருபத்து மூன்றாம் பதிப்பு, அம்மா.
அட்டையிலேயே நாய், அம்மா.
ப்ராகாவிலிருந்து ஒரு பேருந்து ஓட்டுநர் எழுதினார்:
தயவுசெய்து நாயை எடுக்காதீர்கள்,
என் மகள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறாள்.
எடுக்கப்போவதில்லை. சுரண்டினால் இருவரும் போய்விடுவார்களாம்.

அவர் துண்டுச்சீட்டு அச்சடித்தார், சொந்தக் காசில்.
ஒரு மழைக்கால வாரம் முழுக்க
கடை கடையாக ஏறி, அலமாரிப் பிரதிகளை இறக்கி,
112ஆம் பக்கத்தில் ஒட்டினார்.
பசையும் குடையும் என் கையில்.
கொயம்ப்ராவில் ஒரு கடைப்பையன் திருட்டு என்று நினைத்து
முதலாளியைக் கூப்பிட்டான்.
முதலாளி வந்து, அவரை அடையாளம் கண்டு,
நாய்ப் பக்கத்தில் கையெழுத்துக் கேட்டார்.
போட்டார். சீட்டு கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்தது.

இப்போது புதிய பதிப்பின் அடைவு என் மேசையில்.
"நாய், 112" அப்படியே இருக்கிறது.
"வாளி, 112" சேர்த்தாயிற்று.
அந்தப் பெண்ணை எந்த எழுத்தில் வைப்பது?
பெயரில்லை. தண்ணீர் எப்போது திராட்சரசமாயிற்று என்று
விருந்தில் முதலில் தெரிந்தவள் அவளாகத்தான் இருக்கும்.
தொலைபேசியில் கேட்டேன்.
மறுமுனையில் அடுப்பில் ஏதோ கொதிக்கும் சத்தம்.

"செருப்பு என்று ஒரு தலைப்புப் போடு.
அதன் கீழே, இல்லாதவர்கள்.
அறுபத்திரண்டில் அடித்தானே ஒரு வரி,
அதற்கும் அதே பக்க எண் கொடு" என்றார்.

இல்லாத வரிக்குப் பக்க எண் கொடுப்பது முறையில்லை.
கொடுத்துவிட்டேன்.