பதினொரு நிமிடம்

பூட்டு மாற்றுவது என் பிழைப்பு.
ஹாலிஸ்பர்க்கில், ஒஹாயோ ஆற்றின் இந்தக் கரையில்
அநேகமாக எல்லார் வாசலிலும்
ஒருமுறையாவது மண்டியிட்டிருக்கிறேன்.
சாவி தொலைத்தவர்கள், சாவி தர மறுப்பவர்கள்,
செத்துப்போனவரின் மேசை இழுப்பறை.

லாக்ஸ்ட் தெரு, பதினேழு, மாடி.
கூப்பிட்டவள் கோரீன் வாஷ்பர்ன். அக்டோபர்.
ஒரு கன்னத்தில் மட்டும் பவுடர் அதிகம்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
கேட்காமலிருப்பதும் என் பெட்டியிலுள்ள ஒரு கருவி என்று
அதுவரை நினைத்திருந்தேன்.
"அவனிடம் ஒரு சாவி இருக்கிறது" என்றாள்,
அவ்வளவுதான்.

பழைய பூட்டு பாதி கழன்று நிற்க
வீட்டுக்காரர் ஸ்டெம்பிளுக்குப் போன் போட்டேன். அது முறை.
"கதவு என்னுடையது. கழற்றியதை மாட்டிவிட்டுப் போ."
மாட்டினேன்.
ரசீதில் எழுதினேன்:
வேலை நடக்கவில்லை, உரிமையாளர் அனுமதி இல்லை.
வந்துபோன செலவு இருபது டாலர்.
அதையும் வாங்கிக்கொண்டேன்.

எங்கள் ஊரில் ஒரு சட்டம் உண்டு.
ஆறு மாதத்தில் மூன்று முறை போலீஸ் ஏறிய வீடு
தொல்லை வீடு.
உரிமையாளர் அபராதம் கட்ட வேண்டும்,
இல்லையென்றால் குடியிருப்பவரை வெளியேற்ற வேண்டும்.
அந்தப் படிவத்தை நான் பிறகு பார்த்தேன்.
எத்தனை முறை என்று எழுத ஒரு கட்டம்.
யார் அடித்தது என்று எழுத
இடம் விடவில்லை.

முதல் அழைப்பு அவள்.
இரண்டாவதும் அவள்.
அதன்பின் மூன்றாவதை
ஈரக்காட்டில் மிஞ்சிய ஒற்றைத் தீக்குச்சியாகப்
பொத்தி வைத்திருந்தாள்.
ஏழு வயது டெஸ்ஸுக்குச் சொல்லியிருந்தாள்,
என்ன சத்தம் கேட்டாலும் போனைத் தொடாதே.
பிள்ளை தொடவில்லை.
கீழ்வீட்டு மிஸஸ் ஹ்ரூபிதான்
விளக்கு ஆடுகிறதே என்று பதறி
ஒரு ஞாயிறு இரவு கூப்பிட்டுவிட்டாள்.
நல்ல மனசுதான்.
மூன்று ஆகிவிட்டது.

குடித்தது அவன்.
குடி கலைந்தது அவளுக்கு.

ஜனவரியில் ஸ்டெம்பிள் அழைத்தார்.
"வெள்ளிக்கிழமை அவளைக் காலிசெய்கிறேன்.
அன்றைக்கே பூட்டை மாற்றிவிடு.
நல்ல பூட்டாகப் போடு."

நல்ல பூட்டு.
வேனில் உட்கார்ந்து
ரசீதுப் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டினேன்.
கார்பன் பிரதி மங்கியிருந்தது. ஆனாலும்
என் கையெழுத்து எனக்குத் தெரியாதா?
நான் அவ்வளவு நல்லவன் இல்லை.
அந்த இருபது டாலர்தான் உறுத்திற்று.
இலவச வக்கீல் ஆபீஸ் பழைய வங்கிக் கட்டடத்தில்.
படியேறினேன்.

கோர்ட்டில் வக்கீல் ஒரே கேள்வி கேட்டாள்.
ஒரு பூட்டை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்?
"பதினொரு நிமிடம்" என்றேன்.
குளிராக இருந்தால் பன்னிரண்டு.
அவள் உட்கார்ந்துவிட்டாள்.
ஸ்டெம்பிள் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அவரையும் சொல்ல வேண்டும்,
அபராதக் கடிதம் அவர் சட்டைப்பையிலும் இருந்தது.

வெளியேற்ற வேண்டாம் என்று நீதிபதி எழுதினார்.
இந்த ஒரு வீட்டுக்கு.
சட்டம் அப்படியே இருக்கிறது.
ஆற்றோரம் வேறொரு மாடியில்
இந்நேரம் யாரோ
விரல் மடக்கிக்கொண்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை போனேன்.
அதே கதவு, அதே திருகுகள்.
எத்தனை சாவி என்று கேட்டாள் கோரீன்.
இரண்டு.
உலகத்திலேயே இரண்டுதானா?
இரண்டுதான்.
பிறகு என்னை வெளியே நிற்கச் சொன்னாள்.
உள்ளே தாழ் விழுந்தது.
"தள்ளுங்கள்."
தள்ளினேன்.
"அப்படியில்லை" என்றது கதவுக்குப் பின்னாலிருந்து குரல்,
"அவன் தள்ளுவதுபோல."

எனக்கு அறுபத்தொரு வயது.
ஒரு பெண்ணின் கதவை
தோளால் இடித்ததில்லை.
கருவிப்பெட்டியைக் கீழே வைத்தேன்.
இரண்டடி பின்னால் போனேன்.
இடித்தேன்.
மறுபடி, என்றது டெஸ்ஸின் குரல்.