பச்சைப் புண்

வலி முதலில் வரவில்லை.
பத்து டிகிரித் தண்ணீர்
விரல்களை எப்போதோ மரத்துப்போக வைத்திருந்தது.
பதினெட்டு மீட்டர் ஆழத்தில்
சிப்பிக் கொத்தைக் கத்தியால் நெம்பிய எதித்தா
கையுறைக் கிழிசலிலிருந்து
பச்சையாக ஏதோ புகைவதைக் கண்டாள்.

பாசி என்று நினைத்தாள்.
ஒருமுறை உதறினாள்.
மறுபடி வந்தது, நூல் நூலாக,
அவசரமே இல்லாத கரும்பச்சை.

மேலே, படகில்,
பீர் பீப்பாயில் செய்த காற்றுக் கலனுக்குப் பக்கத்தில்
மஞ்சள் குழாயை உள்ளங்கையில் ஏந்தி
உட்கார்ந்திருந்தான் தம்பி ருபெலிந்தோ.
அக்கா மூச்சிழுக்கும்போதெல்லாம் குழாய் லேசாகத் துடிக்கும்.
ஒரு இழுப்பு: இருக்கிறேன்.
இரண்டு: இன்னும் குழாய் விடு.
மூன்று: தூக்கு.
அன்று அவள் மூன்று இழுக்கவில்லை.
கூடை பாதிதான் நிறைந்திருந்தது.
பச்சைக்காக யார் மேலேறுவார்கள்?

சிலோவேத் தீவின் கடல்
ஒளியிடம் சுங்கம் வசூலிக்கிறது.
ஐந்தாறு மீட்டருக்குள் சிவப்பில் பெரும்பங்கு போய்விடும்,
பின்னாலேயே ஆரஞ்சு.
சிவப்பு சோம்பேறி, அதனால்தான் முதலில் முங்கியது
என்பான் ருபெலிந்தோ.
அப்படியில்லை.
தண்ணீரின் ஒவ்வொரு அணுக்கூட்டமும்
உள்ளுக்குள் ஆடிக்கொண்டே இருக்கிறது.
அந்தத் தாளம் சிவப்பின் நடைக்குக் கொஞ்சம் ஒத்துப்போகும்.
கொட்டுச் சத்தம் கேட்டு நின்றுவிடும் வழிப்போக்கன் போல
சிவப்பு அங்கேயே தங்கி
கொஞ்சம் சூடாகிவிடுகிறது, அவ்வளவுதான்.
நீலத்தின் காதில் அந்தக் கொட்டு விழுவதே இல்லை.
ஆனால் இந்தக் கரையோரம் நீலத்தைத் தின்ன
மிதக்கும் பாசித்தூள் இருக்கிறது.
எல்லாரும் எடுத்தது போக மிச்சம்
பச்சை.

அந்த மஞ்சள் குழாயையே எடுத்து உதறிப் பாருங்கள்.
மெதுவாக உதறினால் நீண்ட வளைவு,
வேகமாக உதறினால் நெருக்கமாக.
குழாய் ஒன்றுதான்.
சிவப்பைவிட ஊதா
ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக உதறுகிறது,
அதற்குமேல் வித்தியாசம் ஒன்றுமில்லை.
பாட்டில் சொன்னால் ஒரு ஸ்தாயி தேறுவதே சந்தேகம்:
கீழ் ஸட்ஜத்தில் திறந்த கண்
மேல் ஸட்ஜம் எட்டும்போதே மூடிக்கொள்கிறது.
இத்தனூண்டு இடைவெளிக்குள்தான்
எலுமிச்சை, துரு, போலீஸ் சீருடை,
பழுத்ததா காயா என்று சந்தையில் நடக்கும் சண்டை,
அத்தனையும்.

கூடை நிறைந்ததும் ஏறினாள்.
பன்னிரண்டாம் மீட்டரில் பச்சை கலங்கியது.
ஏழில், டீத்தண்ணி.
நாலில், பழைய ஆணி.
தலை வெளியே வந்தபோது
ருபெலிந்தோ அலறினான்,
எதற்கென்று தெரியாமல் எஞ்சினை அணைத்தான்,
மறுபடி போட்டான்.

எவ்வளவு நேரமா இப்படி?

பச்சையா இருந்துச்சே, என்றாள்
பஸ்ஸைத் தவறவிட்டவள் குரலில்.

ஆறாத புண்ணைப் பச்சைப் புண் என்கிறோம் நாம்.
எந்த ஆழத்தில் நின்று பார்த்தவர்
வைத்த பெயரோ.

தலையிலிருந்த சிவப்புக் கம்பளித் தொப்பியைக் கழற்றி
அழுத்திப் பிடித்தான்.
கெயோன் துறைமுகம் வரும்வரை
எங்கே கம்பளி முடிகிறது, எங்கே ரத்தம் தொடங்குகிறது என்று
அவனுக்குப் பிரிக்கத் தெரியவில்லை.
நாலு தையல்.

மூன்று வாரம் கழித்து அவள் இறங்கியபோது
மணிக்கட்டில் ஒரு டார்ச் கட்டிவிட்டான்.
அடித்தரையில் பொத்தானை அழுத்தினாள்.
பத்தொன்பது வருடமாகக் கறுப்பு என்று
அவள் கைவைத்துக் கடந்த பாறை
முழுக்கச் சிவப்பு.
நட்சத்திர மீன்கள், பாசி மேலோடு, சின்னச் சின்னக் கடல்பஞ்சுகள்,
யாரிடமும் காட்டாத சிவப்பு.

உடனே அணைத்தாள்.
பேட்டரியை மிச்சம்பிடிக்கத்தான் என்று
மேலே வந்து சொன்னாள்.