பதினொன்று புள்ளி நான்கு எட்டு

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு நிறுக்கும் தராசு
என் ஈயக்குண்டுக்கும் முகம் சுளிக்கவில்லை.
பச்சை எண்கள் சற்றே தள்ளாடி நின்றன:
பதினொன்று புள்ளி நான்கு எட்டு.

"வெள்ளியில்லையே இது" என்றார் தாராசந்த்.
"இல்லை. இன்னும் முப்பத்தொன்பது இருக்கு."
மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன்.
மே மாதம், சேலம், மதியம் இரண்டு மணி.
நிறுத்தினார். அதற்கும் சேர்த்துத்தான்
கூலி கேட்டிருப்பார்.

நாற்பதும் ஒரே அச்சில் வார்த்தவை,
ஒரே இரவில், ஒரே கரண்டியில்.
அச்சு சூடேறும் முன் விழுந்தவற்றில்
தோல் சுருங்கியிருந்தது;
அவற்றை அடுப்பங்கரையிலேயே கழித்துவிட்டேன்.
மீதியெல்லாம் பார்வைக்குப் பளபள.
நகம் வைத்தால் கீறல் விழும் மென்மை.
ஆனால் எட்டுக் குண்டுகள் குறைந்தன.
ஒன்று, பதினொன்று புள்ளி இரண்டுக்கே இறங்கியது.
உள்ளே எங்கோ ஒரு காற்றுக் குமிழ்
யாருக்கும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

"கனமானது நல்லதா, லேசானது நல்லதா?"
"ஒன்றுபோல இருப்பது நல்லது."
புரிந்ததுபோல் தலையாட்டினார்.
ஜோடிக் கொலுசு விற்கிறவருக்குப்
புரியாதா என்ன.

நான் மலையில் காப்பிக்கொட்டை பிரிக்கிறவள்.
பதினெட்டு வருஷம்.
உடைந்தது, கறுத்தது, பூச்சி அரித்தது,
ஒற்றைப் பருப்பாய் உருண்டது என்று
விரல் தானாகவே தள்ளும்.
ஈயத்தில் அந்த விரல் தோற்றது.
அதனால்தான் இருபது கொண்டை ஊசி இறங்கி
தராசைத் தேடி வந்தேன்.

எர்னஸ்ட் சிரித்தான்.
"உருண்டை எல்லாம் எந்தக் காலம், சிலோமி?
இதைப் போட்டுப் பார்" என்று
கூம்புக் குண்டுகள் ஒரு டப்பா கொடுத்தான்.
போட்டுப் பார்த்தேன்.
அட்டையில் விழுந்தது துளையில்லை,
சாவித்துவாரம்.
குண்டு பக்கவாட்டில் படுத்துப் போயிருக்கிறது,
ஓடும் பஸ்ஸில் தூங்கி விழுகிறவனைப் போல.
தப்பு குண்டின் மேல் இல்லை.
என் துப்பாக்கியின் வரிகள் சோம்பேறி வரிகள்;
குழல் முடிவதற்குள் அரைச்சுற்றுதான் சுற்றும்.
நீளமானதை நிமிர்த்திப் பிடிக்க
அதற்குத் தெம்பில்லை.
உருண்டைக்கு அதுவே போதும்.
உருண்டைக்குத் தலை எது, கால் எது?

பிறகு துணி.
குண்டுக்கும் குழலுக்கும் நடுவே
ஒரு சுற்றுத் துணி இறுகி நிற்கவேண்டும்.
அம்மாபேட்டையில் ஒன்பது கடை ஏறினேன்.
இரண்டு விரலால் கசக்கி,
திருகு அளவுகோலை வைத்துப் பார்த்து
"இன்னும் ஒரு நூல் தடிமனா" என்று கேட்டதற்கு
"சட்டைக்கா, ஜாக்கெட்டுக்கா?" என்றாள் கடைப்பெண்.
பதில் சொல்லியிருந்தால்
துணி கிடைத்திருக்காது.

சனிக்கிழமை, நாகலூர் தாண்டி மண்மேடு.
உரிமம் உறையில், உறை இடுப்பில்.
எண்ணெயில் நனைந்த துணி, மேலே குண்டு.
கம்பியால் தள்ளும்போது கையே சொல்லிவிடும்,
சரி, சரி, இதுவும் சரி.
சுட்டதும் கரும்புகை போய்ப்
பனியோடு சேர்ந்துகொண்டது.
எது என்னுடையது, எது மலையுடையது?
அட்டை கண்ணுக்கே தெரியவில்லை.
ஐந்து தடவையும் அப்படித்தான்,
குருடி கடிதம் போட்டதுபோல்.

நடந்து போகும் வழியிலேயே
புல்லில் கிடந்தன துணிகள்.
கிழியவில்லை. நடுவில் எரியவில்லை.
ஓரம் மட்டும் பிசிறாகி
எருக்கம்பூ மாதிரி விரிந்திருந்தன.
அட்டையைவிட இவைதான் எனக்குச் சந்தோஷம்.

அட்டையில்
நான்கு துளைகள் ஒன்றையொன்று தொட்டபடி.
ஐந்தாவது ஒரு சாண் தள்ளி, இடப்பக்கம்.
தாராசந்த் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்தேன்:
ஐந்துக்கும் அதே எடை.
விசையைத் தொட்டபோது
எஸ்டேட் சங்கு ஊதியது ஞாபகம் வந்தது.
அந்த நேரத்தில் என் மூச்சை
யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் கீழே இறங்கினபோது
கழித்த எட்டைத் திருப்பிக் கேட்டேன், உருக்க.
ஏழு கொடுத்தார்.
மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது.
மேஜையில் ரசீதுக் கட்டு
துளியும் பறக்காமல் கிடந்தது.
அதன் மேலே,
காற்றை வயிற்றில் வைத்துக்கொண்டு,
எட்டாவது.