ஆள்காட்டி விரல்

எட்டு டப்பா போதும் என்று
கடைக்காரன் பெவன் சொன்னான்.
எட்டும் தீர்ந்தபோது
இடது பக்கமும் பானெட்டில் பாதியும் பச்சை.
மிச்சமெல்லாம் கம்பெனி வெள்ளை.

எண்பத்தாறாம் வருஷத்து பேட்ரோல்.
முப்பது வருஷம் சுரங்கத்துக்குள்
மேஸ்திரிகளைச் சுமந்துவிட்டு ஏலத்துக்கு வந்தது.
ஓடும். நிற்கும்.
நிற்பதற்கு முன் கொஞ்சம் யோசிக்கும்.

பதினான்கு நாள் சுரங்கம், ஏழு நாள் வீடு
என்பது என் கணக்கு.
ஏழில் மூன்றை உப்புத்தாளுக்குக் கொடுத்தேன்.
வெள்ளைக்கு அடியில் ஒரு மஞ்சள் வந்தது.
மஞ்சளுக்கு அடியில் இன்னொரு வெள்ளை,
அதில் நானூற்றுப் பதினேழு என்று ஓர் எண்.
யாரோ சுரண்டி அழிக்கப் பார்த்து
பாதியில் டீ குடிக்கப் போயிருக்கிறார்கள்.
அதற்கடியில் துரு.
ஓரிடத்தில் துருவுக்கும் அடியில்
என் வீட்டுத் தரையே தெரிந்தது.

கண்ணாடிகளுக்குப் பழைய செய்தித்தாள் ஒட்டினேன்.
ஸ்டியரிங்குக்கு நேரே தலைகீழாக
ஒரு குதிரைப் பந்தயத்தின் முடிவு.
கடைசியாக வந்த குதிரைக்கு
என் அக்காவின் பெயர்.

நவம்பர் கல்கூர்லியில்
பத்து மணிக்கு மேல் தகரத்தில் கைவைக்க முடியாது.
பதினொன்றுக்குக் கிழக்கிலிருந்து காற்று வரும்,
வெறுங்கையோடு வராது,
செம்மண்ணும் ஈயும் கொண்டுவரும்.
ஆகவே விடியுமுன் நாலரைக்கே
கார்ஷெட்டைச் சுற்றி மெத்தை விரிப்புகளைக் கட்டி
டப்பாவைக் குலுக்க ஆரம்பித்தேன்.

இரண்டு நிமிஷம் குலுக்கவும் என்று போட்டிருக்கிறது.
உள்ளே ஒற்றைக் கோலிக்குண்டு.
கிடுகிடு கிடுகிடு என்று
தெருவில் உள்ள நாய்களையெல்லாம் பெயர் சொல்லி எழுப்பியது.

வேலிக்கு மேல் ஒரு தலை, தலையில் துண்டு.
டெனீல். ஆஸ்பத்திரியில் இரவு நர்ஸ்.
"ரோவீனா, நான் இப்போதுதான் படுத்தேன்.
அதற்குள் என்ன இருக்கிறது, யாருடைய பல்?"
மன்னிப்புக் கேட்டேன்.
குலுக்குவதை நிறுத்தவில்லை,
இரண்டு நிமிஷம் ஆகவில்லையே.

கால்மணி நேரத்தில் இரவு உடையோடே வந்து
கொடு இங்கே என்று பிடுங்கிக்கொண்டாள்.
ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மூச்சை அடக்கி,
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே ஓட்டம்.
நரம்பு தேடிப் பழகிய கை.
என் பக்கத்து மட்கார்டில்
மெழுகுபோல மூன்று வழிசல்.
அவள் பின்கதவில் ஒன்றுமில்லை,
ஒரு ஈயைத் தவிர.

"எடுக்காதே,
எடுத்தால் கால்களை இங்கே விட்டுவிட்டு வரும்" என்றாள்.
அதன் மேலேயே இரண்டாம் பூச்சு அடித்தோம்.
இன்றும் தடவினால் ஒரு சின்ன மேடு.

ஒன்பதிலிருந்து பதினான்குவரை
பெவன் தந்தவை வேறு சரக்கு.
அதே பெயர், அதே நம்பர், இன்னொரு பச்சை.
முகத்தைத் திருப்பிக்கொண்ட இரண்டு வண்டிகளை
நடுவில் ஒட்டியதுபோல இருந்தது.
"ராத்திரியில் தெரியாது."
"எனக்குப் பகல் ஷிப்ட்."
"அப்படியானால் ஒரே பக்கமாக நிறுத்து."

எட்டாம் நாள் விடிகாலை
சுரங்க வாசல் கருவியில் விரலை வைத்தேன்.
சிவப்பு.
துடைத்து வைத்தேன். சிவப்பு.
ஏழு நாள் மூக்கை அழுத்திய விரல்,
தின்னருக்கும் மண்ணெண்ணெய்க்கும் மசியவில்லை.
நகக்கண்ணில் பச்சை,
ரேகைக்குள் ரேகையாகப் பச்சை,
அதிலும் இரண்டு பச்சை.

காவலுக்கு இருந்த தெவீட்டா
என்னைப் பார்த்தான், திரையைப் பார்த்தான்.
"இப்படி ஒருவர் இல்லையாம்."
ஆறு வருஷமாக இந்த வாசலில் நுழைகிறேன்.
போன மாதம் அவன் மகளுக்கு
மூன்று சக்கர சைக்கிள் கொடுத்தவளே நான்தான்.
"எனக்குத் தெரியும். அதற்குத் தெரிய வேண்டுமே."

பிறகு எட்டி
என் தோளுக்குப் பின்னால் பார்த்தான்,
வண்டிகள் நிற்கும் இடத்தை.
"அது நம்ம நானூற்றுப் பதினேழுதானே?"

பையைத் துழாவினேன்.
உப்புத்தாள் ஒரு துண்டு மிச்சம் இருந்தது,
நைஸ் ரகம்.
பின்னால் வரிசை நீள நீள
ஓரமாக நகர்ந்து நின்று
விரலைத் தேய்க்க ஆரம்பித்தேன்,
தண்ணீர் தொட்டு, வட்டம் வட்டமாக,
அடியில் யார் வருகிறார்கள் என்று.