எண்ணூற்று நாற்பது கிராம்

கறுப்பு ஒன்று, சாம்பல் ஒன்று.
தக்கலை பிபின் வெள்ளிக்கிழமை தந்த
விஆர் ஹெட்செட்டுகள்.
திங்கள் காலை ஒன்று திரும்ப வேண்டும்.
மற்றதற்குப் பணம்.

கடைப்படியில் கூடையை இறக்கியிருந்தாள் லூர்தம்மாள்.
அவளுடைய தராசில் செய்தித்தாள் விரித்து
ஒவ்வொன்றாக வைத்தேன்.
கறுப்பு ஐந்நூற்றுப் பத்து.
சாம்பல் எண்ணூற்று நாற்பது.
"இத மொகத்துல கெட்டிக்கிட்டு என்னவாக்கும் பாப்ப?"
வானம் என்றேன்.
அண்ணாந்து ஒருமுறை பார்த்துவிட்டுத்
தராசைத் துடைத்தாள்.

விலையைச் சொல்லப்போவதில்லை,
ஞானதாசிடமே பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

திங்கள்சந்தையில் பதினேழு வருடமாக
ஊரார் கண்ணுக்கு லென்ஸ் உரசுகிறவள் நான்.
எனக்கே மைனஸ் நாலரை.
கருவிழிக்கும் கருவிழிக்கும் இடையே
அறுபத்தொரு மில்லிமீட்டர்.
கறுப்பு அறுபத்துமூன்றுக்குக் கீழே இறங்காது.
சாம்பல் இறங்கியது, மரியாதையாக.
கொண்டை போட்ட தலை உலகத்தில் உண்டென்று
இரண்டையும் செய்தவர்களுக்குத் தெரியாது.
அவிழ்த்து முன்னால் போட்டுக்கொண்டேன்.

இரவு பத்துக்குமேல் பறத்தல்.
வயிறு புரளாமலிருக்க
மேசை விசிறி முகத்துக்கு நேரே,
நாரத்தங்காய் ஊறுகாய் இடக்கை எட்டும் தூரத்தில்.
நாற்காலியைச் சுற்றிவிடாமல்
கேபிளைத் தூக்கிப் பிடித்தபடி ஞானதாஸ்,
கிணற்றுக்கயிறு பிடிப்பவர்போல.

சாம்பலில்
உயரமானியின் முள்மேல் தூசிகூடத் தெரிந்தது.
கூண்டுக் கண்ணாடியில் யாரோ துடைத்த கோடு.
தொழில் தெரிந்தவள் சொல்கிறேன்,
ஓரம்வரை கலங்காத லென்ஸ்.
ஆனால் எதிரி தெரியவில்லை.
ஆறு முறை விழுந்தேன்,
ஆறு முறையும் பின்னாலிருந்து.

கறுப்பில் எல்லாமே கொசுவலைக்கு அந்தப்புறம்.
எண்களைப் படிக்க மூக்கை நீட்ட வேண்டும்.
ஆனால் தொலைவிலிருக்கும் விமானம்
ஒரு புள்ளியைவிடச் சின்னதாக முடியாதே,
மட்டமான திரையில் புள்ளி பெரிது!
மிளகுபோல உட்கார்ந்திருந்தது மேகத்தில்.
மளமளவென்று நாலு.
"கொள்ளாம்" என்றார் ஞானதாஸ்,
கை மாற்றிக் கேபிளைப் பிடித்து.

தெளிவை விற்றுச் சாப்பிடுகிறவள்
கலங்கலுக்குப் பணம் கட்டுவதா?
ஞாயிறு முழுக்க இதே யோசனை.
ஆலயத்தில் பிரசங்கம் கேட்டேன் என்று
சத்தியம் செய்ய முடியாது.

அன்றிரவு மறுபடியும் சாம்பல்.
கடலுக்குமேல், வெயிலை முதுகில் வைத்து,
தற்செயலாக ஒருவனின் பின்னால் போய் நின்றேன்.
அவ்வளவு கிட்டத்தில் யாரையும் பார்த்ததில்லை.
தோல்தொப்பி போட்ட சின்னத் தலை.
வலப்புறம் திரும்பியது.
இடப்புறம் திரும்பியது.
என்னைத்தான் தேடினான்,
நான் தேடுவதைப்போலவே, கழுத்தை முறித்துக்கொண்டு.
கணினி ஓட்டும் பொம்மை அவன்,
எனக்குத் தெரியாதா?
விரல் விசையில் இருந்தது.
எனக்கு ஒன்று என்று மூலையில் எண் விழுந்தது.

விசிறியை நிறுத்தச் சொன்னேன்.
தலைசுற்றா என்றார். இல்லை.
பசிக்குதா என்றார்.
கேபிளைக் கீழே போடாமலே நின்றார்.

திங்கள் காலை தக்கலை.
பிபின் இரண்டு புருவத்தையும் ஏற்றினான்.
"சாம்பலையா திருப்பித் தாறிய? தெளிவு போதாதா அக்கா?"
கழுத்து வலி என்றேன்.
அதுவும் பொய்யில்லை,
எண்ணூற்று நாற்பது கிராம்.

பெட்டியில் வைப்பதற்குமுன்
பட்டையில் ஒட்டியிருந்த ஒரு சாளைச் செதிலை
நகத்தால் எடுத்தேன்.
வட்டம், நடுவே மெல்லிய தடிப்பு.
ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து
ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன்.
தொழில் பழக்கம்.