வெள்ளி

வெள்ளிக்கிழமைக்குள் எட்டாயிரம் வெள்ளி.
எல்லைக் காட்டில் மகனைப் பிடித்து வைத்திருப்பவன்
ஃபோனில் சொன்ன தொகையை
ஙுன் பார் விரல்களில் காட்டினாள்.

சுங்கை கெலுபி ஆலைப் புகை
மண்டபத்துக்குள் வந்து உட்காரும் நேரம்.
சபைக் கூட்டத்தில் ஏழு பேர்.
கணக்குப் பார்க்கிற நான் மட்டும் தலையசைக்கவில்லை.
கூரை ஒழுகுது ஃபாதர்,
கூரைக்குச் சேர்த்தது கூரைக்குத்தான்.

ஃபாதர் இஞ்ஞாசி குருமடத்தில் படித்ததைச் சொன்னார்:
லொம்பார்டியர் மலையிறங்கி வந்த காலம்.
ஊர்விட்டு ஓடிவந்தவர்கள்
கோவில் தாழ்வாரங்களில் படுத்துக்கிடந்தார்கள்.
பிடிபட்டவர்களுக்கு விலை பேசினார்கள்.
ஆயர்கள் பூசைப் பாத்திரங்களை விற்று
ஆள் ஆளாய் மீட்டார்கள்.

"அந்த லொம்பார்டியர் எங்கிருந்து வந்தாங்க?"
கேட்டது மிக்கேலம்மாள்.
"பெண்டு பிள்ளையோட, வண்டி கட்டிக்கிட்டு,
வேற யாருக்கோ பயந்துதான்னு சொல்றாங்க."
அதற்குமேல் அதை யாரும் தொடவில்லை.

அலமாரியிலிருந்து கிண்ணம் இறங்கியது.
முப்பத்தொன்றில் எஸ்டேட் துரை கொடுத்தது.
பதிவேட்டில் என் கையெழுத்து: வெள்ளி, ஒன்று.

அடகுக்கடை ஆ ஃபூக்
அடியில் கீறி ஒரு சொட்டு அமிலம் விட்டார்.
பச்சையாய்ப் பொங்கியது.
"முலாம். உள்ளே பித்தளை.
இருபது வெள்ளி தரலாம். சாமி சாமான்,
அதுவும் வேண்டாம்."

திரும்பும் வழியெல்லாம் செம்பனைக் குலை லாரிகள்.
ஃபாதர் சிரித்துக்கொண்டே வந்தார்.
துரை ஏமாற்றியதற்கு
எனக்கு ஏன் அவமானம் என்று விளங்கவில்லை.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற வருடம்
இதே மண்டபத்தில் ஒன்பது வாரம் படுத்திருக்கிறேன்.
அப்போதும் ஒழுகியது.
பாயை நகர்த்திப் போட்டோம்,
அவ்வளவுதான்.

வியாழன் இரவு கூரைக் கணக்கைத் திறந்தேன்.
ஏழாயிரத்து அறுநூற்றுப் பதினைந்து.
மீதி யாருடையது என்று எழுதவில்லை.
செலவுக் கட்டத்தில் ஒரு பெயர் வேண்டும்.
ங, பள்ளிக்கூடத்தில் எழுதிப் பழகியதோடு சரி;
அந்த எழுத்தில் தொடங்கும் யாருக்கும்
நான் ரசீது போட்டதில்லை.
உகரச் சுழி எந்தப் பக்கம் வளையும் என்று
பேனா கொஞ்சம் நின்றது.

ஞாயிறு பூசையில் மழை.
பித்தளைக் கிண்ணம் உயர்ந்தபோது
மணியடிக்க வேண்டிய பையன்
கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
கடைசி வரிசையில் ஙுன் பார்
ஃபோனை மடியில் வைத்தபடி
ஒழுகல் விழுந்த இடத்தை விட்டுத்
தள்ளி உட்கார்ந்தாள்.
ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு
அந்த இடம்
நனைந்துகொண்டிருந்தது.